வெடித்த சோற்றின் நாதம்

மாரியம்மன் சந்நிதியில் பம்பையும் உடுக்கையும் ஓயாமல் முழங்கும் சமயபுரத்துக்கு மிருதங்கத்தைத் தேடிப் போவது சற்று விசித்திரமாகப் படலாம்; ஆனால் பூச்சொரிதல் காலத்தில் பம்பைகளுக்குத் தோல் மாற்றித் தரும் தொழிலாளி ஒருவர், மற்ற மாதங்களில் திருச்சி, ஸ்ரீரங்கம் வித்துவான்களின் மிருதங்கங்களுக்குத் தோல் மூட்டு அடிப்பவர் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

பலாக் கட்டையையும் வார்களையும் பலர் வர்ணித்துவிட்டார்கள். என் கண் நிலைத்தது, மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவே அவர் இட்டுக்கொண்டிருந்த கருப்பு வட்டமாகிய சோற்றில்தான். கிட்டக் கல்லை மாவாக்கி, வடித்த சோற்றோடு பிசைந்த பசையை மெல்லிய படலமாகத் தடவி, வழவழப்பான கல்லொன்றால் அது இறுகும்வரை தேய்த்து, முந்தியதைவிடச் சிறிய வட்டமாக அடுத்த படலத்தை அதன்மேல் ஏற்றுகிறார். அதனால் நடுவில் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் வட்டம் உருவாகிறது. தேய்க்கத் தேய்க்க அந்தப் பரப்பெங்கும், கோடைக் கொள்ளிடத்துச் சேறு போல, வெடிப்புகள் ஓடின. பசையில் ஏதேனும் பழுதோ என்று கேட்டேன்.

"வெடிக்கணுங்க ஐயா. வெடிக்காத சோறு பேசாது" என்றார், கல்லை நிறுத்தாமலே.

கொள்ளிடத்தின் தென்கரையில், திருவானைக்காவலில், 1888-ல் பிறந்த ஸி. வி. ராமன், இந்த வட்டத்தின் ரகசியத்தை 1920-ல் சிவகாளி குமாருடன் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய குறிப்பிலும், பின்னர் 1934-ல் விரிவான கட்டுரையிலும் விளக்கினார். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், மேல் ஸ்வரங்கள் ஆதார ஸ்வரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுகின்றன. முழக்கம் உண்டு, சுருதி இல்லை. நடுவில் பாரம் ஏறிய வலந்தலையிலோ 9 அதிர்வு வகைகள் 5 ஸ்வரங்களாகத் திரண்டு, 1, 2, 3, 4, 5 என்ற முழு விகிதங்களில் வந்து நிற்கின்றன.

பாரம் வேண்டும், விறைப்பு கூடாது என்பதே இதிலுள்ள சங்கடம். பசை ஒரே வில்லையாக இறுகினால் தோல் அதன் அடியில் வளைய முடியாமல் தகடு போல் நடந்துகொள்ளும், விகிதங்களும் குலைந்துபோகும். வெடிப்புகள் அந்த வில்லையைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்துவிடுவதால் எடை குறையாமலே விறைப்பு நீங்குகிறது. அவை ஒழுங்கற்று ஓடுவதும் நன்மைக்கே என்பது என் அபிப்பிராயம்: கோடு கிழித்தாற்போல் ஒரே திசையில் வெடித்திருந்தால், தோல் அந்தத் திசையில் மட்டும் எளிதாக மடிந்து, ஒரே ஸ்வரமாக ஒலிக்க வேண்டிய இரண்டு அதிர்வுகள் பிரிந்து அலைமோதும். நுணுக்கத்தில் இத்தனை தாறுமாறை அனுமதிக்கும் அந்த மனிதர், மொத்த வட்டம் மையம் விலகுவதை மட்டும் மயிரிழையும் பொறுப்பதில்லை. வார்கள் கோத்த 16 கண்களின் அருகிலும் மாறிமாறித் தட்டிக் கேட்டு, ஓரிடத்தில் நாதம் மங்கியதும் அங்கே வாரை இறுக்கினார்.

எவ்வளவு தேய்த்தால் எவ்வளவு வெடிக்கும் என்பதற்கு அவரிடம் அளவுகோல் இல்லை. விரலும் காதுமே சாட்சி. இப்படிப்பட்ட கைவினைஞர்களில், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர்ப் பர்லாந்து முதலியோரின் வரலாறு, பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றிருக்கிறது. கச்சேரி அழைப்பிதழ் அச்சிடும் சபைகளும், மிருதங்க வித்துவானின் பெயருக்குக் கீழே சோறு இட்டவரின் பெயரைச் சேர்க்கலாம். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.