வேடமும் விதியும்

மேசையொன்றைச் சுற்றி நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஐந்தாமவர் கதையை நடத்துபவர். தமது குறிப்புகளைச் சிறு தட்டியொன்றால் மறைத்து வைத்திருக்கின்றார். மேசைமீது பகடைகளும் பென்சில்களும் தாள்களும் உள்ளன. கதை தொடங்குமுன் நால்வரும் தத்தம் தாளில் ஒரு வினாவுக்கு விடை எழுதியாக வேண்டும். இக்கதையில் தாம் யாராக வாழப்போகின்றனர் என்பதே அவ்வினா. வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் அரை நூற்றாண்டு வரலாற்றை, அவ்விடையை எழுதும் உரிமை எவரிடம் இருந்தது என்பதன் வரலாறாகவும் நோக்கலாம்.

இவ்விளையாட்டு ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்தது. சிறு உருவங்களைப் படைகளாக நிறுத்தி மேசைமீது போர் நடத்தும் பொழுதுபோக்கு அங்கு நிலவிற்று. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் அவருடைய நண்பர்களும், படை முழுவதையும் ஆட்டுவிப்பதை விடுத்து, ஆளுக்கொரு தனி மாந்தனாக நின்று ஆடும் முறையை வளர்த்தனர். அவரும் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து ஆக்கிய 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முதற்பதிப்பு 1000 பிரதிகளே.

அந்நூலில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே இருந்தன. வலிமை, அறிவு முதலிய ஆறு இயல்புகளுக்கும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையே அளவு. அப்பகடைகளை உருட்டும் பொறுப்பும் நடத்துபவருக்கே உரியதாயிருந்தது. போர்வீரன் எக்கவசத்தையும் அணியலாம். மந்திரவாதி கவசம் அணியலாகாது. தொடக்கநிலையில் ஒருமுறைக்கு ஒரு மந்திரமே அவனுக்கு வாய்க்கும். சமயகுரு கூரிய படைக்கலம் ஏந்தலாகாது. ஒவ்வொரு வகுப்பும் ஓர் ஆற்றலையும் ஒரு தடையையும் ஒருங்கே கொண்டிருந்தது.

தமிழில் 'விதி' என்னும் சொல் சட்டத்தையும் ஊழையும் குறிக்கும். அக்கால விளையாட்டு நூல்களில் இவ்விரு பொருளும் ஒன்றெனவே இயங்கின. 1978இல் வெளிவந்த விரிவான கைந்நூலில், குள்ளர் முதலிய கற்பனை இனத்தார் பெரும்பாலான வகுப்புகளில் குறித்த ஒரு நிலைக்கு மேல் உயர முடியாதென்று விதிக்கப்பட்டது. மனிதருக்கு அவ்வரம்பு இல்லை. பெண் பாத்திரங்களின் வலிமைக்கும் ஆண்களினும் தாழ்ந்த உச்சவரம்பு இடப்பட்டது. 1981இன் தொடக்கநிலை நூலிலோ 'குள்ளன்' என்பதே ஒரு வகுப்பாயிற்று. அவ்வினத்திற் பிறந்தவன் வேறெதுவாகவும் ஆதல் இயலாது. எவ்வுலகையும் புதிதாய்ப் படைக்கவல்ல கற்பனை, பிறப்பைக் கொண்டு தொழிலை வகுக்கும் பழைய உலகின் வேலிகளையும் தன்னுடன் சுமந்து சென்றமை சிந்தித்தற்குரியது.

இவ்வேலிகளைப் பிற படைப்பாளிகள் விரைவிலேயே கடக்க முற்பட்டனர். 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' வகுப்புகளையே நீக்கிற்று. வாள் வீசுபவனும் மந்திரம் பயிலலாம். பயன்படுத்திய திறனே வளரும். 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' பகடைக்குப் பதிலாகப் புள்ளிகளை வழங்கி, ஆற்றல்களை விலைகொடுத்து வாங்கச் செய்தது. குறைகளை விரும்பி ஏற்பவருக்கு மேலதிகப் புள்ளிகள் கிட்டின. ஓயாது துரத்தும் பகைவனொருவனோ, காத்தாகவேண்டிய உறவினரொருவரோ பாத்திரத்திற்கு இருப்பின், அவையும் கணக்கிற் சேர்ந்தன. இடர் என்பது தெரிந்தெடுக்கப்படும் பொருளாயிற்று.

மூலவிளையாட்டும் காலப்போக்கில் மாறிற்று. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, எவ்வினத்தாரும் எவ்வகுப்பிலும் சேரலாம் என்றது. நிலைக்கு நிலை வகுப்புகளைக் கலக்கவும் இடமளித்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் 12 வகுப்புகளும் ஒவ்வொன்றினுள்ளும் உட்பிரிவுகளும் அமைந்தன. 2024இன் திருத்தத்திலோ, இயல்புகளுக்குரிய மேலதிக எண்கள் பாத்திரம் பிறந்த இனத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அது வளர்ந்த பின்னணியுடன் இணைக்கப்பட்டன. பகடையும் பிறப்பும் எழுதிய விடையை ஆடுபவர் தம் கையாலேயே எழுதும் காலம் வந்தது.

எனினும், பெற்ற உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. தெரிவுகள் பெருகப் பெருகக் கணக்கும் பெருகிற்று. மூன்றாம் பதிப்பை ஆடியோருட் பலர், முதல்நிலைப் பாத்திரத்தை எழுதும்போதே இருபதாம் நிலைவரை திட்டமிடலாயினர். நூல்களை நன்கு கற்றவர் வல்ல பாத்திரத்தை ஆக்கினார். புதிதாக வந்தவர், தாம் விரும்பிய உருவத்தை ஆக்கி, அதன் பயனின்மையைப் பின்னர் உணர்ந்தார். பிறப்பினால் வந்த ஏற்றத்தாழ்வு நீங்கிய இடத்திற் கல்வியினால் வந்த ஏற்றத்தாழ்வு குடிபுகுந்தது.

மற்றோர் இழப்பு இதனினும் ஆழமானது. பழைய மந்திரவாதி தன் ஒற்றை மந்திரத்தைச் செலவிட்டபின் போர்வீரனின் கேடயத்திற்குப் பின்னாலே நிற்க வேண்டியிருந்தது. போர்வீரனின் காயமோ சமயகுருவின் அருளையே நாடிற்று. தடைகளே மேசையிலிருந்த நால்வரையும் ஒரு குழுவாக்கின. எல்லாம் வல்ல பாத்திரத்தை ஒருவர் ஆக்கிக்கொண்டால் அவருக்குத் தோழர் தேவையில்லை. தோழர் தேவையில்லாத இடத்தில் மேசையும் தேவையில்லை.

இச்சிக்கலுக்கு விடைகண்ட ஆக்கங்களுள் 2010இல் வெளிவந்த 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' குறிப்பிடத்தக்கது. அதில் ஒவ்வொரு பாத்திர வகைக்கும் தனித்தனி ஏடு உண்டு. ஒருவர் எடுத்த ஏட்டைப் பிறிதொருவர் எடுத்தலாகாது. ஏட்டினுள்ளே தோற்றம், ஆற்றல், உடைமை என்பன பற்றிய சில தெரிவுகளே உள்ளன. அவற்றை முடித்தபின், மேசையிலுள்ள ஏனையோருடன் தமக்குள்ள பழைய தொடர்பு யாது என்பதையும் ஒவ்வொருவரும் தீர்மானிக்க வேண்டும். அத்தொடர்பும் ஓர் எண்ணாகத் தாளில் இடம்பெறுகின்றது.

நல்ல வகுப்பு என்பது ஆடுபவர் தோழருக்கு அளிக்கும் ஒரு வாக்குறுதி: இதனை யான் செய்வேன், இதற்கு உங்களை நாடுவேன். பிறர் இட்ட தடை சிறையாகும். தோழரை எண்ணித் தாமே ஏற்ற தடை உறவாகும். தாளில் எழுதுவதற்கு இன்றும் பலர் பென்சிலையே எடுக்கின்றனர். எண்கள் மாறிக்கொண்டே இருக்குமாதலின் அழித்தெழுத வேண்டியிருக்கும். தாம் யார் என்னும் வினாவுக்குத் தனியே எழுதிய முதல் விடையும், அருகிலிருக்கும் மூவருடன் கதையில் வாழ்ந்து தீர்த்த பின்னரே முழுமை பெறுகின்றது.