எந்த ஷஃபான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன் கடன் பத்திரம் ஒன்று வைக்கப்பட்டது. ஷஃபான் மாதத்தில் செலுத்தப்பட வேண்டியது என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. நடப்பு ஷஃபானா, வரப்போகும் ஷஃபானா என்று கலீஃபா வினவினார்கள். பத்திரத்தில் அதற்கு விடையில்லை என வரலாற்றாசிரியர் கூறுவர். ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டளவில் தோழர்களோடு கலந்தாய்ந்து, ஹிஜ்ரத் நிகழ்ந்த ஆண்டை முதலாண்டாகவும் முஹர்ரத்தை முதல் மாதமாகவும் கொண்டு ஆண்டுக் கணக்கை அவர்கள் வகுத்தார்கள். எங்கிருந்து எண்ணுவது, எம்முறையில் எண்ணுவது என்பவை தெரிந்தாலன்றித் தேதியால் பயனில்லை. கணினியில் வரைபடம் வரையும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

கல்லூரியில் பயிலும் என் அண்ணன் மகள் அத்தகைய வரைபடம் ஒன்றைச் சென்ற ஆண்டு கொண்டுவந்து காட்டினாள். இராஜபாளையத்தில் மர்ஹூம் என் தந்தையார் மழைமானி வைத்து எழுதிவந்த குறிப்பேட்டையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாமா எழுதிய குறிப்பேட்டையும் எடுத்து, 1998-ஆம் ஆண்டின் மழையை இரு கோடுகளாக வரைந்திருந்தாள். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்துள்ள ஊர்கள். இரண்டிலும் கண்மாய் நிறைவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையால்தான். ஆயினும் கோடுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோடு நவம்பரில் உயர்ந்து நின்றது. இராஜபாளையக் கோடோ ஜனவரி தொட்டு மாதந்தோறும் எழும்பி விழுந்தது.

"சின்னத்தா, நன்னா ஞாபகப் பிசகா எழுதிட்டாங்களோ? இந்த நோட்டை விட்டுடலாமா?" என்று தயக்கத்தோடு கேட்டாள்.

ஹதீஸ் கலை பயின்றோர், ஒரு செய்தி முரண்படக் கண்டால், அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியை ஆராய்வர். அறிவிப்பாளர்களின் பிறப்பு இறப்பு ஆண்டுகளை ஒப்பிட்டு, இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்று நோக்குவது அக்கலையின் அளவுகோல்களுள் ஒன்று. இங்கே குறிப்பேட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நின்ற அறிவிப்பாளர் கணினி. ஆகவே அதனையே முதலில் விசாரித்தோம்.

எழும்பிய இடங்கள் பெரும்பாலும் 10, 11, 12 ஆகிய தேதிகளாகவே இருந்தன. மழை நாள் பார்த்துப் பெய்யுமோ? தந்தையார் நம் வழக்கப்படி நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாக 5-11-1998 என எழுதியிருந்தார்கள். கணினியோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. எனவே நவம்பர் 5, மே 11 ஆயிற்று. நவம்பரின் முதல் பன்னிரண்டு நாட்களும் பன்னிரண்டு மாதங்களின் 11-ஆம் தேதிகளாய்ச் சிதறின. அக்டோபர் நாட்கள் 10-ஆம் தேதிகளாகவும், டிசம்பர் நாட்கள் 12-ஆம் தேதிகளாகவும் சிதறின. பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லாமையால், 13 முதலான நாட்கள் தேதியாகாமல் வெறும் எழுத்தாய்க் கட்டத்தின் இடப்புறம் ஒதுங்கின. அவற்றைப் பிழையெனக் கருதி அவள் நீக்கியிருந்தாள். மாமா மாதப் பெயரை எழுத்தால் எழுதியிருந்தபடியால் அவர் கணக்குத் தப்பியது.

மற்றொரு சான்றும் கிடைத்தது. தந்தையார் ஆங்கிலத் தேதிக்கு அருகே அரபி மாதத்தையும் குறித்திருந்தார்கள். அந்த நாளுக்கு நேரே ரஜப் 1419 என்றிருந்தது. 1998 மே 11 முஹர்ரத்தில் விழும். நவம்பர் 5-தான் ரஜபில் விழும். இதற்கு மேலும் ஐயுற இடமேது?

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் கணினிக்கு அறிவித்து, நீக்கியவற்றையும் மீண்டும் சேர்த்தோம். 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரமுறைப்படி 1998-11-05 என ஆண்டை முன்வைத்து எழுதினால் இக்குழப்பமே எழாது. விரிதாள்கள் பெரும்பாலும் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணுகின்றன. அக்கணக்கில் அந்த நவம்பர் 5 என்பது 36104. வரைபடத்தின் அடியில் இத்தகைய எண்கள் தோன்றினால் மிரள வேண்டியதில்லை. தேதி வடிவம் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிடை அச்சைத் தேதி அச்சாக அமைக்காவிடில், எழுதப்பட்ட நாட்கள் மட்டும் சம இடைவெளியில் அடுக்கப்படும்; இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட மூன்று மாதக் காய்ச்சல் ஒரே நாள்போலச் சுருங்கிவிடும். மழை இல்லை என்று எழுதிய நாளுக்குச் சுழியம் இடலாம். எதுவும் எழுதப்படாத நாளை வெறுமையாக விடுவதே நேர்மை.

இப்போது இரு ஊர்களின் கோடுகளும் நவம்பரில் சேர்ந்தே உயர்கின்றன. நம் இல்லங்கள் பலவற்றில் கடைக் கணக்கும், பிள்ளைகள் பிறந்த நாளும், நிக்காஹ் நாளும் எழுதிய பழைய ஏடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைக் கணினியில் ஏற்றுவது நற்பணியே. ஏற்றுமுன், எழுதியவர் எவ்வரிசையில் எழுதினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஏட்டின் முதற்பக்கத்தில் குறித்துவைக்கட்டும். எழுதியவர் இல்லாத நாளில் அவருக்காகப் பேச அந்த ஒரு வரியே மிஞ்சியிருக்கும்.