வாய்விட்டுக் கேட்பது

செவ்வாய், இரவு

அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் விளக்கேற்றித் தேவாரம் படித்தேன். வாய் பாடியது, மனசு மருந்துச் சீட்டிலேயே கிடந்தது. அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. முறத்தில் அரிசியைப் பரப்பி, விரல் நுனியால் ஒவ்வொரு பிடியாகத் தள்ளித் தடவியபடி பேசிக்கொண்டிருந்தாள். "சிவனே, கல்லு இருந்தாக்கூடக் கண்ணுக்குத் தெரியல. இந்த விரலையாவது பத்திரமா வச்சிரு." பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற தொனி. என் பாட்டைவிட அதுதான் பிரார்த்தனை என்று பட்டது.

வியாழன்

தேவாரம் பாடிய சுந்தரரை மறுபடி படிக்கிறேன். தன் கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று ஏசினார். பிறகு, கிழவராக வந்த இறைவன் அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடச் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. குண்டையூரில் நெல் மலையாகக் குவிந்தபோது, எடுத்துப் போக ஆளும் நீயே கொடு என்று கேட்டார். ஆள் வேண்டுமென்றால் ஆள் என்றே கேட்கிற உரிமை அது. தெய்வத்திடம் சண்டை பிடிப்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்பாதவரிடம்தான் நாம் கோபத்தை மறைத்துக்கொள்கிறோம்.

சனி, பூண்டி

அம்மாவை அழைத்துக்கொண்டு திருவெண்பாக்கம் ஊன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பழைய கோயில் இருந்த இடத்தைப் பூண்டி நீர்த்தேக்கம் எடுத்துக்கொண்டது. 1944-இல் கட்டி முடித்த அணை. இப்போதிருப்பது இடம்மாற்றிக் கட்டியது. பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரு கண்ணும் போயின. தடவித் தடவி இங்கே வந்து, உள்ளே இருக்கிறாயா என்று கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதை அவர் ஆத்திரத்தில் வீசியடித்ததில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது இந்தத் தலத்தில் சொல்லும் கதை. ஒடிந்த கொம்பை நான் விவரிக்க, அம்மா தலையாட்டினாள். "கோபம் வராதா பின்னே? கண்ணைக் கேட்டா கோலையா கொடுக்கிறது?"

காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் அவருக்குக் கிடைத்தன. அதுவரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. எங்களைத் தவிக்கவிட்டு நீர் சுகமாக இரும் என்கிற அளவுக்குக் கசந்து பாடியதும் திருவாரூர்ப் பெருமானிடம்தான்.

ஞாயிறு

இன்று புத்தகத்தை எடுக்கவில்லை. பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். முதலில் வார்த்தையே வரவில்லை. பிறகு, பயமாக இருக்கிறது என்றேன். அம்மாவின் பார்வையைக் கொடு என்றேன். டாக்டர் சொன்னது தெரிந்துதான் கேட்டேன். உன் தோழன் சுந்தரனுக்குத் திருப்பிக் கொடுத்தாயே, இவளுக்கு ஏன் இல்லை என்றும் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, அடக்கவில்லை. அதன் பின்னால் மருந்துச் செலவு, ராத்திரி அவள் தனியாக எழுந்து நடப்பது, அண்ணனிடம் இன்னும் எதையும் சொல்லாதது என்று எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அவன்கிட்ட சொல்லிட்டே. அண்ணனுக்கும் இப்பவே ஒரு போன் போட்டுடு" என்றாள்.