இறந்த பூனைக்குட்டியும் இரங்கும் உள்ளமும்

பூனை ஈன்ற குட்டிகளுள் ஒன்று இறந்துபடின், அதன்பொருட்டு வருந்துவாரைக் கண்டு நகைப்பார் உலகிற் பலர். இரண்டு நாள் உயிர்த்து, கண்ணுந் திறவாது, பெயரும் இடப்பெறாது ஒழிந்த ஓருயிர்க்கு அழுதல் பேதைமை என்பது அவர் கருத்து. அழுவார் நெஞ்சம் அங்ஙனம் நாட்கணக்குப் பார்ப்பதில்லை.

ஓர் இல்லத்துப் பூனை நெற்குதிரின் பின்னே நான்கு குட்டிகளை ஈன்றது. மூன்றாம் நாட் காலையில் ஒன்று தாயின் மடிக்குப் புறம்பே குளிர்ந்து கிடந்தது. அவ்வீட்டுச் சிறுமி முன்னாள் அதனைக் கையிலெடுத்துக் கொஞ்சியவள். "மனிதர் கை பட்டதனால் தாய் விலக்கிவிட்டது" என்று அயல்வீட்டு அம்மையார் ஒருவர் கூறவே, தானே அதனைக் கொன்றதாகக் கருதி அக்குழந்தை உணவையும் ஒழித்தாள். ஆராயாது சொல்லிய ஒரு சொல் இளநெஞ்சில் எத்துணை ஆழமாய்த் தைக்கின்றது!

உண்மை அவ்வாறன்று. வீட்டிற் பழகிய பூனை, தன்னைப் பேணுவாருடைய கைமணத்தாற் குட்டியை விலக்குதல் அரிது. பிறந்த குட்டியின் நிறை ஏறக்குறைய 100 கிராம். தன் உடற்சூட்டைத் தானே காக்கும் வன்மை முதற் சில வாரங்களில் அதற்கில்லை. தாயின் வெம்மையினின்று நழுவிற்றாயின் விரைவிற் குளிரும்; குளிர்ந்தபின் பாலுறிஞ்சவும், உண்டதைச் செரிக்கவும் மாட்டாது. மெலிந்து பிறந்தனவும், உள்ளுறுப்பிற் குறையுடையனவும் எத்துணைப் பேணினும் ஒழிதலுண்டு. தாயைக் கொடியதென்றலுந் தகாது. குளிர்ந்து அசைவற்ற குட்டியை விடுத்து, பாலுக்கு முட்டுங் குட்டிகளின்பாற் செல்லுதல் அதன் இயல்பு.

சிறுமியின் பாட்டியார் இவற்றைப் பொறுமையாய் எடுத்துக் கூறினார். "அழாதே" என்று மட்டும் கூறிற்றிலர். குட்டியை வெள்ளைத் துணியிற் சுற்றி, பவழமல்லிகையின் அடியில் அவள் கையாலேயே புதைப்பித்தார். அன்றிரவு, மதுரையிற் சொக்கலிங்கப் பெருமான் தாயிழந்த பன்றிக்குட்டிகட்குத் தாய்ப்பன்றியாய் எழுந்தருளிப் பாலூட்டிய திருவிளையாடலைச் சொல்லினார். கேட்டிருந்த சிறுமி, "இந்தக் குட்டிக்கு மட்டும் சுவாமி ஏன் வரவில்லை, பாட்டி?" என்றாள். பாட்டியார் விடையொன்றுங் கூறாது அவள் தலையை வருடிக்கொண்டிருந்தார். சமய நூல்களிலிருந்து வினைக்கொள்கையை எடுத்து விரிப்பார்க்கு அஃது இடமாயிருக்கலாம். ஆயினும், அழுங் குழந்தையின் முன் அவ்வம்மையார் வாளா இருந்ததே தக்கது.

தாய்ப்பூனை ஒரு பகல் முழுதுங் குதிரின் பின்புறத்தை முகர்ந்து முகர்ந்து கத்திற்று, பின்னர் அடங்கிற்று. எஞ்சிய மூன்று குட்டிகளையும் குளிர்காற்றுப் புகாத மூலையில் பழந்துணி விரித்துக் கிடத்தும் பணி சிறுமியின்பால் வந்தது. சமையலறைத் தராசில் அவற்றை நாடோறும் நிறுத்து, நாளொன்றுக்கு 10 கிராமேனும் ஏறுகின்றதா என்று சுவரிற் கரியாற் குறித்துவந்தாள். பத்தாம் நாள் அவற்றுள் ஒன்று கண் திறந்தது.