கேட்காத கேள்வி

அச்சாபீஸில் கம்பாஸிட்டராக இருந்த என் பெரியப்பாவுக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், என்ன சாப்பிட்டீர்கள் என்பார், மருந்து கொடுப்பார். என்ன வேலை என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஈய எழுத்தைப் பொறுக்கிய கையாலேயே அவர் பொட்டலத்துப் பகோடாவையும் தின்கிறார் என்பது தெரிந்திருக்கும்.

இத்தாலியில் ராமஸ்ஸினி என்றொரு வைத்தியர். மோதேனாவில் அவர் வீட்டு மலக்குழியை ஒருவன் அரக்கப் பரக்க அள்ளிக்கொண்டிருந்தான். ஏனப்பா இந்த அவசரம் என்று கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் இதில் நின்றால் கண் போய்விடும் என்றானாம். அப்படிக் கண் கெட்டவர்கள் பலர் அந்த ஊரிலேயே பிச்சையெடுத்ததை அவர் பார்த்திருக்கிறார். (நம் ஊரில் 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் குழிக்குள் ஆள் இறங்குகிறான், அது வேறு வயிற்றெரிச்சல்.) பட்டறை பட்டறையாக விசாரித்து 1700இல் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் "என்ன தொழில்?" என்றும் கேளுங்கள் என்று அதில் வைத்தியர்களுக்குச் சொன்னார். 1713 பதிப்பில் அச்சுத் தொழிலாளிகளையும் சேர்த்தார்.

பெரியப்பாவின் ரத்தத்தில் ஈயம் உண்டா என்று கடைசிவரை யாரும் சோதிக்கவில்லை. வலது மணிக்கட்டு துவண்டு தொங்கிவிட்டது. என் முதல் கதையை அச்சுக் கோத்தது அந்தக் கைதான். இரண்டு எழுத்துப் பிழை என்று அவரோடு சண்டை போட்டேன்.