ஏழு வேலை தெரிந்தால் போதும்

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

மகளிடம் நான் பைத்தான் கற்று வருவது உங்களுக்குத் தெரியும். இப்போது பைஃபைல்சிஸ்டம் என்ற நூலகம். கோப்புகள் நம் கணினியில் இருக்கலாம், ஜிப்புக்குள் இருக்கலாம், எங்கோ ஒரு எஃப்டிபி சர்வரில் இருக்கலாம். நாம் எழுதும் நிரல் ஒன்றேதான். இதற்கெல்லாம் அடியில் இருப்பது 'எஃப்எஸ்' என்ற பேஸ் கிளாஸ். தாய் வகுப்பு என்று வைத்துக்கொண்டேன். (வகுப்பு என்றால் எனக்கு இன்னும் 40 பிள்ளைகளும் சாக்பீஸ் தூளும்தான்.)

அதிலிருந்து வரும் பிள்ளை வகுப்புக்கு ஏழு வேலை தெரிந்தால் போதும். விவரம் சொல்ல, விவரம் மாற்ற, பட்டியல் தர, கோப்புறை உண்டாக்க, கோப்பைத் திறக்க, கோப்பை நீக்க, காலிக் கோப்புறையை நீக்க. நகலெடுப்பது, இடம் மாற்றுவது போன்ற மற்றவை தாய் வகுப்பிலேயே இருக்கின்றன; அவை இந்த ஏழையும் கூப்பிட்டே காரியத்தை முடித்துக்கொள்ளும். ஓராசிரியர் பள்ளியில் இருந்தவனுக்கு இது புரியாதா? நான் விடுப்பு எடுத்தால், வருகிறவருக்கு வருகைப்பதிவும் சத்துணவுக் கணக்கும் தெரிந்தால் போதும். மீதியைக் கால அட்டவணை பார்த்துக்கொள்ளும்.

பழைய பள்ளிப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்க ஒரு நிரல் எழுதினேன். நினைவகத்திலேயே இருந்து மறையும் மெமரிஎஃப்எஸ்ஸில் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பழைய குப்பையைத் துடைக்க, முதல் வரியில் 'ரிமூவ்ட்ரீ' வைத்திருந்தேன். பிறகு மெமரிஎஃப்எஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் ஓஎஸ்எஃப்எஸ் ஆக்கி, உண்மையான படக் கோப்புறையைக் காட்டினேன். துடைக்கும் வரி மறந்துபோயிற்று.

கோப்புறை நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை.

இரண்டு நாள் நூலகத்தைத் திட்டினேன். "எந்த இடமானாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதானேப்பா அதன் வேலை?" என்றாள் மகள். அதே நூலகத்தில், படிக்க மட்டும் அனுமதிக்கும் 'ரீட் ஒன்லி' உறையும் இருக்கிறதாம். அதைப் போர்த்தியிருந்தால் அழிக்கப் போன இடத்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும். இப்போது போர்த்தியிருக்கிறேன்.

மீட்பு மென்பொருளில் பாதிக்குமேல் திரும்பிவிட்டன. 1994 ஐந்தாம் வகுப்புக் குழுப்படம் வரவில்லை. தாள் பிரதியை முன்பே கரையான் தின்றுவிட்டது. அதில் இரண்டாம் வரிசை ஓரத்தில் நின்ற பையன் இன்று இல்லை. அவன் அம்மாவுக்கு ஒரு பிரதி தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த ஆண்டு என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், வீட்டுப் பெட்டியில் தேடிப் பாருங்கள். படத்தை அனுப்ப வேண்டாம், நானே வந்து ஸ்கேன் செய்துகொள்கிறேன்.