முன்பாரம், பின்பாரம்

ஆதம்பாக்கத்துல அக்கா வீட்டு மொட்டைமாடியில நின்னா, மீனம்பாக்கத்துல இறங்கற விமானமெல்லாம் தலைக்கு மேல தாழப் போகும். அதைப் பார்த்தே வளர்ந்த அக்கா பையன், ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல ரிமோட் விமானம் ஒண்ணு கட்டியிருந்தான். பல்டி அடிக்கிற வகை. ஆனா ஏர்போர்ட் பக்கத்துல அனுமதி இல்லாம பறக்கவிடக் கூடாதே!

"மாமா, உங்க வயல்ல விடலாமா?"

"அறுப்பு முடிஞ்சு காலியாத்தான் கிடக்கு, வா மாப்ள."

கிளம்புறதுக்கு முன்னாடி மாடியிலேயே பாரம் பார்த்தான். இறக்கை அகலம் 25 சென்டிமீட்டர். முன் விளிம்புல இருந்து ஏழரை சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு பக்கமும் கோடு போட்டு, அந்த இடத்துல விரல் நுனியால தூக்கினான். மூக்கும் சாயல, வாலும் சாயல. அப்புறம் மூக்கையும் வாலையும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சோம். இடது இறக்கை தாழ்ந்துச்சு. வலது நுனியில துளி ஈயம் ஒட்டினதும் சமமாயிடுச்சு.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. வண்டியில நெல் மூட்டை ஏத்தினதும் நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம்னா மாட்டுக் கழுத்து நசுங்கும். பின்பாரம்னா நுகம் மேல தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும்.

மதுராந்தகம் பக்கம் எங்க வயல்ல விமானம் ஏறினதுமே மூக்கைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. ரிமோட்ல 'ட்ரிம்'னு சின்ன பட்டன் இருக்கு. குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் நேரா போற மாதிரி வால் தகட்டை இம்மி மேலயோ கீழயோ நிறுத்தி வைக்கும். நாலு தட்டு தட்டினான். நேராச்சு. "சரியாயிடுச்சு மாமா!"

தலைகீழா திருப்பினப்பதான் குட்டு வெளிப்பட்டது. அப்படித் திருப்பினா மூக்கு மெதுவா தரையைப் பார்க்கணுமாம். இது வானத்தைப் பார்த்து ஏறுச்சு. குச்சியைத் தொட்டாலே துள்ளுச்சு. எப்படியோ தாளடியில இறக்கினான். முகம் வெளுத்துப் போச்சு.

"பின்பாரமா இருக்கு மாப்ள. மாடியில சரியாத்தானே இருந்துச்சு?"

திறந்து பார்த்தா, பெரிய பேட்டரி ஒண்ணை மாத்தியிருக்கான். முன்னாடி நுழையலைன்னு பின்னாடி தள்ளி வச்சிருக்கான். அட்டையை வெட்டி ரெண்டு விரல் முன்னாடி நகர்த்தினோம். ட்ரிம்மைப் பழையபடி நடுவுக்குக் கொண்டு வந்தான். அடுத்த தடவை தலைகீழா போனப்போ மூக்கு லேசா தணிஞ்சுது, அவ்வளவுதான். அப்புறம் அவன் அடிச்ச பல்டியைப் பார்க்க ஊர்ப் பசங்க எல்லாம் வரப்புல வரிசை கட்டிட்டாங்க.

"பாரம் தப்பா இருந்தா ட்ரிம் அதை மறைக்கத்தான் செய்யும் மாமா, சரி பண்ணாது"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுது. கீழ்வயல் மூலையில வருஷா வருஷம் பயிர் மஞ்சளிக்கும். யூரியா தூவுவேன், ரெண்டு வாரம் பச்சையா நிக்கும். வடிகால் தூர்ந்து கிடக்கிறது எனக்குத் தெரியும். நாலு நாள் வேலைன்னு தள்ளிப் போட்டே மூணு வருஷம் ஓட்டிட்டேன்.

அவனை பஸ் ஏத்திவிட்டு வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். இன்னிக்குப் பாதி வெட்டியாச்சு. இடுப்பு வலிக்குது.